பார்வை போன பிறகு கண்ட பெரிய எண்

கணித மேதை ஆய்லர் 1707-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் பிறந்தவர். 20 வயதில் வேலைக்காக ரஷியா சென்றார். அங்கே வலது கண் பார்வை போயிற்று. பின்னர் மறு கண்ணும் அநேகமாகத் தெரியாமல் போயிற்று. 1771-ல் வீடும் தீப்பிடித்து எரிந்தது.

ஆய்லர் கலங்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, மகனும் மாணவர்களும் எழுதினார்கள்.

2-ஐ 31 முறை போட்டுப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரும். இது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண் என்று 1772-ல் அவர் நிரூபித்தார். 46 ஆயிரம் வரை எல்லா எண்களாலும் அவர் வகுத்துப் பார்க்கவில்லை. 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதி வரும் பகா எண்களைச் சோதித்தாலே போதும் என்று கண்டார்.

அதைவிடப் பெரிய பகா எண்ணை நெடுங்காலம் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1783-ல் பீட்டர்ஸ்பர்க் நகரில் காலமானார். அன்றும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.