கறிவேப்பிலையில் நிலைத்த பெயர்

நமது இல்லங்களில் நாள்தோறும் தாளிதத்திற் சேர்ந்து, உண்ணும்போது ஒதுக்கப்படும் கறிவேப்பிலைக்குத் தாவர சாஸ்திரிகள் வழங்கும் இலத்தீன் பெயரில் ஓர் அந்நியரின் பெயர் அடங்கியிருக்கிறது. அவர் ஜோஹன் ஜெரார்டு கோனிக். அவருடைய சரித்திரம் நமது வாலிபர்கள் அறியத்தக்கது.

1728-இல் பால்டிக் கடலை அடுத்த லிவோனியாவிற் பிறந்த கோனிக், ஸ்வீடனில் லின்னேயஸ் என்னும் பேராசிரியரிடம் பயின்றார். தாவரங்கள் அனைத்துக்கும் இரு சொற்களாற் பெயரிட்டு உலகத்தார் யாவரும் ஒன்றுபோல் அறியச் செய்தவர் லின்னேயஸ். மாணவர் ஐஸ்லாந்துத் தீவிற் கண்ட சிறு பூண்டொன்றுக்கு அம்மாணவரின் பெயரையே அவர் சூட்டினார். கறிவேப்பிலைக்கும் பின்னர் அவ்வாறே செய்தார்.

1768-இல் டேனிஷ் மிஷனின் வைத்தியராகக் கோனிக் தரங்கம்பாடிக்கு வந்தார். மிஷன் அளித்த ஊதியம் செடிகளைத் தேடித் திரியப் போதவில்லை. ஆதலால் 1774-இல் ஆற்காட்டு நவாபிடமும், 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் உத்தியோகம் ஏற்றார். சயாம், மலாக்கா வரை சென்று மீண்டார். 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் லண்டனில் ஜோசப் பாங்க்ஸ் என்பவரைச் சேர்ந்தன.

அவர் பயின்ற சாஸ்திரத்தின் தன்மையை உணர விரும்புவோர் திருப்போரூர்க் கந்தசுவாமியைத் தரிசிக்கச் செல்லும்போது அப்பகுதியின் புதர்க்காடுகளையும் சற்றே நோக்குவாராக. அத்தகைய காடுகளில் வளரும் காட்டெலுமிச்சையின் இலை தனியிலை. அர்ச்சனைக்குரிய வில்வத்தின் இலை மூன்று சிற்றிலைகளாற் கூடியது. கறிவேப்பிலையிலோ, ஈர்க்கு முழுவதுமே ஓர் இலை. நாம் கிள்ளியெடுப்பது சிற்றிலை. ஈர்க்கின் அடியிலேயே மொட்டுத் தோன்றும், சிற்றிலையின் அடியில் தோன்றாது என்பதே இதற்குச் சான்று. இம்மூன்றின் இலைகளையும் வெயிலுக்கெதிரே பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணக்கும். உருவம் வேறாயினும் மூன்றும் எலுமிச்சைக் குலத்தைச் சேர்ந்தவை. கறிவேப்பிலை தன் பெயரில் வேம்பைத் தாங்கி நின்றாலும், வேம்பு வேறு குலம்.

கோனிக் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே கறிவேப்பிலையை நமது பாட்டிமார் அறிவர். அவ்வாறிருக்க, பெயர் அவருக்கு வாய்த்தது ஏன்? கண்டதை உருவம் பிசகாமல் எழுதினார். எழுதியதை ஒளிக்காமற் பிறருக்கு அளித்தார். அவருடன் பழகிய ராக்ஸ்பரோ பிற்காலத்தில் இந்தியத் தாவர சாஸ்திரத்தின் தந்தை எனப் பெயர் பெற்றார். தரங்கம்பாடிக் குழுவைச் சேர்ந்த ராட்லர் செடிகளோடு தமிழ்ச் சொற்களையும் திரட்டிப் பேரகராதி இயற்றினார். நம்மவரோ மூலிகையின் குணத்தைப் பாடி வைத்தனர்; அதன் வடிவத்தைக் குருவின் வாய்மொழிக்கே பெரும்பாலும் விட்டுவிட்டனர்.

இதற்காக அந்நியர்மீது பொறாமை கொள்வதாற் பயனில்லை. செங்கற்பட்டுச் சீமையின் புதர்களில் எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்பதை இருளர் குலத்து முதியோர் இன்றும் அறிவர். அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் மறையும். நமது பள்ளிப் பிள்ளைகள் அவர்களை ஆசிரியராகக் கொண்டு, இலைகளைப் பறித்து உலர்த்தித் தாளில் ஒட்டி, ஊர்ப்பெயரையும் சொன்னவர் பெயரையும் அருகே எழுதி வைப்பார்களாக. சுதேச அபிமானம் என்பது தேசத்தின் புல்லையும் பூண்டையும் பெயர்சொல்லி அழைக்கக் கற்பதையும் உட்கொண்டதேயாம்.