கல்வெட்டும் கற்பனையும்

சோழர் வரலாற்றைத் தமிழர் இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தவர் கல்கி எனப் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் வரலாற்றுப் பேராசிரியர் அல்லர். வார இதழில் தொடர்கதை எழுதியவர்.

தஞ்சை மாவட்டப் புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9 அன்று அவர் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கர். திருச்சிராப்பள்ளியில் பயின்றபோது ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பள்ளியைத் துறந்தார், சிறையும் சென்றார். திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் இதழியல் கற்று, இராஜாஜியின் 'விமோசன'த்தில் மதுவிலக்குக்காக எழுதி, 'ஆனந்த விகட'னில் பெயர் பெற்றார். 1941இல் தம் நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார். வரலாற்றுப் புதினங்கள் மலர்ந்த களம் அதுவே.

முதலில் வந்தது 'பார்த்திபன் கனவு'. அடுத்து வந்த 'சிவகாமியின் சபதம்' நரசிம்ம பல்லவனின் வாதாபிப் படையெடுப்பைக் கூறுவது. மன்னனும் தளபதி பரஞ்சோதியும் வரலாற்று மாந்தர். ஆயனச் சிற்பியும் மகள் சிவகாமியும் கல்கியின் படைப்புகள். எனினும் மாமல்லபுரச் சிற்பங்களைக் காண்போர் பலர் இன்றும் ஆயனரையே நினைக்கின்றனர்.

அவரது முறையை நன்கு விளக்குவது 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்'. காட்டுமன்னார்கோவிலை அடுத்த உடையார்குடிக் கோவிலில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அவன் தமையன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றியது அது. இரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்னும் பெயர்களை அது தருகிறது. ஏன் கொன்றனர், எவ்வாறு கொன்றனர் என்பதைக் கூறவில்லை. அந்த மௌனத்தில்தான் கல்கியின் கற்பனை வேர்விட்டது. கல்வெட்டு தந்த பெயர்களைக் காத்தார். அது சொல்லாத காரணங்களைப் புனைந்தார். நந்தினி பிறந்தாள். ஆயினும் கொலையாளி இன்னார் என அவர் உறுதியாகக் கூறவில்லை. கதையின் நாயகன் வந்தியத்தேவனும் கல்வெட்டில் கிடைத்தவனே. தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு அவனைக் குந்தவையின் கணவன் என்று மட்டும் குறிக்கிறது. அந்தச் சிறு குறிப்பிலிருந்து துடுக்கும் அன்பும் மிக்க ஓர் இளைஞன் உருவானான்.

நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆய்வுகள் அவருக்குத் துணைநின்றன. கதை நிகழும் இடங்களை நேரில் காண இலங்கைக்கும் சென்றார்.

அவர் எல்லை மீறியதும் உண்டு. உத்தம சோழன் ஆள விரும்பியவரை அருள்மொழி அரியணையை விரும்பவில்லை எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறும். கல்கியோ பூ விற்கும் சேந்தன் அமுதனையே உண்மையான உத்தம சோழனாக்கினார். செப்பேட்டில் இதற்கு இடமில்லை. அருள்மொழியின் துறவுள்ளத்தை உயர்த்திக் காட்டக் கதைக்கு இது தேவைப்பட்டது போலும். வரலாற்று மாணவர் இதனை ஏற்கத் தயங்குவது இயல்பே.

ஐந்து பாகங்கள் முடிந்தபின்னும், மாந்தர் பின்னர் என்னவாயினர் என வாசகர்கள் கேட்டனர். தனியே ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு விடையளித்தார் கல்கி. அதே ஆண்டு, 1954 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். விடுதலைப் போராட்டக் காலத்தைப் பாடிய 'அலை ஓசை' 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாசகர் மனத்தில் நிலைத்து நிற்பதோ, ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையேறி வரும் அந்த இளைஞனே.