ஆளில்லாத அந்தமான் தீவுக்கு ஒரு தமிழர் பெயர்: யார் இந்த மேஜர் பரமேஸ்வரன்?

பெரம்பூரிலிருந்து பஸ் பிடித்து சென்னை துறைமுகம் போனால், அந்தமானுக்குக் கப்பல் ஏறலாம். சுமார் 1,200 கி.மீ. கடல் பயணம். அங்கே 800-க்கும் மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மனித நடமாட்டமே கிடையாது. அதில் ஒன்றுக்குத்தான் ஒரு தமிழர் பெயர்.

பெயர் வந்தது எப்படி?

பெரிய தீவுகள் பலவற்றுக்கு ஆங்கிலேயர்கள் தங்கள் அதிகாரிகளின் பெயரையே வைத்தார்கள். நீல் தீவு, 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜெனரல் நீலின் பெயர். மவுண்ட் ரோட்டில் இருந்த அதே நீல் சிலையை எதிர்த்து 1927-ல் சத்தியாகிரகமே நடந்தது. 1937-ல் சிலை அகற்றப்பட்டது. தீவின் பெயர் மாற 2018 ஆனது. இப்போது அது ஷஹீத் தீவு.

ஆளில்லாத சின்னத் தீவுகள் பலவற்றுக்கோ வெறும் குறியீட்டு எண்தான். அப்படிப் பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்கு 2023 ஜனவரி 23 அன்று, பரம்வீர் சக்ரா பெற்ற 21 வீரர்களின் பெயர் சூட்டப்பட்டது. ஐஎன்ஏஎன்370 என்ற தீவு, முதல் விருதாளர் மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயரைப் பெற்றது. இந்த 21 பேரில் ஒருவர்தான் ராமசாமி பரமேஸ்வரன்.

சரி, யார் இவர்?

1946 செப்டம்பர் 13-ல் மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்து, 1972-ல் மஹார் படைப்பிரிவில் சேர்ந்தார்.

1987-ல் இந்திய அமைதிப்படையுடன் இலங்கை போனார். நவம்பர் 25 இரவு, தேடுதல் பணி முடித்துத் திரும்பும்போது அவரது அணி மீது திடீர் தாக்குதல். பதறாமல், தாக்கியவர்களைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்தது. சுட்டவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரையே சுட்டு வீழ்த்தினார். உயிர் பிரியும்வரை தன் வீரர்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இருந்தார். வயது 41. மறைவுக்குப் பிறகு பரம்வீர் சக்ரா கிடைத்தது. அமைதிப்படை நடவடிக்கைக்காக அந்த விருது பெற்றவர் இவர் ஒருவரே.

ஏன் அதிகம் பேசப்படவில்லை?

காரணம் அந்தப் போர்தான். ஈழத் தமிழர்கள் மத்தியில் அமைதிப்படை இன்றும் ஆறாத காயம். 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் சென்னை துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்கள் மீது நடந்த தாக்குதல்களுக்கான எதிர்ப்பு அது.

போரை அனுப்பியது அரசு. போய் உயிரைக் கொடுத்தது ஒரு சிப்பாய். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம்ம ஊரில் அவ்வளவு சுலபமில்லை. வடசென்னைக் கரையிலிருந்து கப்பல் கிளம்பும் அதே கடலில், யாருமே வசிக்காத ஒரு தீவு இப்போது அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.