முள் சுமந்த பெயர்

டைனோசர்கள் பற்றிய ஒரு காணொளிக்குக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் கிடியன் மான்ரெல் எனக்குச் சரியாக அறிமுகமானார். இகுவானோடன் என்ற பெரும் ஊர்வனவை 1825இல் உலகுக்கு அறிவித்த ஆங்கிலேய வைத்தியர். இரண்டு வரிகளில் அவரை முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவர் பெயர் சூட்டிய இன்னொன்று, வெறுங்கண்ணுக்கே தெரியாத ஒன்று, என்னை விடவில்லை.

1790இல் லூயிஸ் நகரில் சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் மான்ரெல். பகலில் நோயாளர்கள், இரவில் கற்கள் என்பதே வாழ்க்கை. 1833இல் பிரைற்றனுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நோயாளர்கள் வருவது குறைந்து, எலும்புகளைப் பார்க்க வருவோர் பெருகினர். வீடே அருங்காட்சியகமாயிற்று. கடைசியில் 1838இல் தன் சேகரிப்பை 4000 பவுணுக்குப் பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் விற்றார். மறுவருடம் மனைவி பிரிந்து போனார். மகன் நியூசிலாந்துக்குப் புறப்பட்டார். 1840இல் மகள் ஹன்னா இறந்தாள். 1841இல் குதிரை வண்டி விபத்தொன்றில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. அதன்பின் வலியும் அபினியும்தான் துணை. 1842இல் ரிச்சர்ட் ஓவன் 'டைனோசர்' என்ற சொல்லை அச்சிலேற்றியபோது புகழும் அவர் பக்கம் சாய்ந்தது.

இந்த நிலையில்தான் மான்ரெல் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்தார். சுண்ணப்பாறைக்குள் கிடைக்கும் தீக்கல்லை மெல்லிய சீவலாக உடைத்து ஒளியில் பிடித்தால், உள்ளே உருண்டையான சிற்றுடல்கள் தெரியும். மேலெல்லாம் முள். குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றுகூட இராது. பெர்லினில் எரன்பேர்க் 1830களிலேயே இவற்றைக் கண்டுவிட்டார். அதே தீக்கல்லில் தட்டுத் தட்டாகக் கவசம் தெரிந்த சிலவற்றைப் பெரிடினியம் என்ற டைனோபிளஜலேற்றின் உறவாக அவர் சரியாக இனங்கண்டார். முள்ளுள்ளவற்றையோ ஸாந்திடியம் என்ற நன்னீர்ப் பாசியின் சாதியில் சேர்த்துவிட்டார். (சாதி என்பது உயிரியல் பாடத்தில் நாம் படித்த அந்தச் சாதிதான்.) கடலடியில் படிந்த பாறைக்குள் நன்னீர்ப் பாசியா? எரன்பேர்க்கின் பெயருக்கிருந்த மதிப்பில் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். மான்ரெலும் சில காலம் அந்தப் பெயரையே எழுதினார்.

1850இல் அவர் அதை விட்டார். அவ்வருடம் வெளியிட்ட உயிர்ச்சுவட்டுப் படத்தொகுப்பில், இவை உண்மையான ஸாந்திடியங்கள் அல்ல என்று பிரித்து, ஸ்பினிபெரைற்றிஸ் என்று புதுப் பெயரிட்டார். முள்ளைத் தாங்கியது என்று பொருள். பாசியா, விலங்கா என்ற எந்த உரிமைகோரலும் அந்தப் பெயரில் இல்லை. கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறது. ஊடகக் கற்கையில் பட்டம் பெற்று, தலைப்பு வைப்பதே பாதி வேலையாகிப்போன எனக்கு, இந்த அடக்கம் பொறாமை தருகிறது.

1852 நவம்பர் 10ஆம் திகதி, அபினி அளவுக்கு மிஞ்சியதால் மான்ரெல் இறந்தார். பெயரின்றி வெளியான ஓர் இரங்கல் குறிப்பு அவரைச் சிறுமைப்படுத்தியது. அதை எழுதியவர் ஓவன் என்றே பரவலாக நம்பப்படுகிறது. வளைந்துபோன அவரது முள்ளந்தண்டின் ஒரு பகுதி, ஓவன் காப்பாளராக இருந்த அரச சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. இடப்பற்றாக்குறையால் 1969இல் அது அழிக்கப்பட்டது.

முள்ளுடல்களின் புதிர் அவிழ மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1961இல் அமெரிக்கரான வில்லியம் எவிற் இரண்டு விடயங்களைக் கவனித்தார். முட்கள் மனம்போன போக்கில் முளைத்தவை அல்ல. டைனோபிளஜலேற்றின் கவசத் தட்டுகள் அமைந்திருக்கும் ஒழுங்கிலேயே நிற்கின்றன. கூட்டின் சுவரில் ஒரு துவாரமும் இருக்கிறது, அதுவும் தட்டொன்றின் வடிவில். உள்ளே உறங்கிய உயிரணு வெளியேறிய வாசல் அது. ஆக, இவை டைனோபிளஜலேற்றுகளின் உறங்கு கூடுகள். எரன்பேர்க் இரு பெட்டிகளில் போட்டவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. அதே பத்தாண்டில், கடலடிச் சேற்றிலிருந்து எடுத்த உயிருள்ள ஸ்பினிபெரைற்றிஸ் கூடுகளை முளைக்கவிட்டார்கள். கொனியோலாக்ஸ் என்ற டைனோபிளஜலேற் நீந்திக்கொண்டு வெளியே வந்தது.

இடையில் 1933இல் ஒட்டோ வெற்செல் என்ற ஜேர்மன் ஆய்வாளர் அதே முள்ளுடல்களுக்கு ஹிஸ்ட்ரிகோஸ்பேரா என்று பெயரிட, பல பத்தாண்டுகள் அதுவே புழங்கியது. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது வகைப்பாட்டு விதி. அதன்படி 1850ஆம் ஆண்டுப் பெயர் திரும்பவும் ஏறியது. இன்று அந்தச் சாதியின் பெயருக்குப் பக்கத்தில், சிறிய எழுத்தில், மான்ரெல் என்று இருக்கிறது.