யார் இந்த ரோனி வான் ஸான்ட்? ஒரு ஸ்வரம் பிசகாத இசைக்குழுவும், எரிபொருள் தீர்ந்த விமானமும்!

'கிங்ஸ்மேன்' முதல் பாகத்தில் வரும் அந்த சர்ச் சண்டையை மறந்திருக்க மாட்டீங்க. காலின் ஃபர்த் ஒற்றை ஆளாகப் புகுந்து விளையாடும்போது பின்னணியில் ஒரு கிட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது 'ஃப்ரீ பேர்ட்' பாட்டின் கடைசிப் பகுதி. அமெரிக்காவில் யாருடைய கச்சேரியாக இருந்தாலும் கூட்டத்தில் ஒருத்தர் இந்தப் பாட்டின் பெயரைக் கத்துவது பல வருஷமா ஓடுற ஜோக்.

அந்த கிட்டார் பகுதி அவ்வளவு நீண்டதற்குக் காரணம் ரொம்ப சாதாரணமானது. பாடகருக்குத் தொண்டை ஓய்வு வேண்டியிருந்தது. கிளப்களில் ஒரே ராத்திரியில் பல சுற்று பாடியாக வேண்டிய காலம் அது. அதனால் பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அந்தப் பாடகர்தான் ரோனி வான் ஸான்ட். லெனர்ட் ஸ்கினர்ட் இசைக்குழுவின் குரல், பாடலாசிரியர், சொல்லப்போனால் மேஸ்திரி.

பி.டி. மாஸ்டர் பெயரில் ஒரு பேண்ட்

ரோனி 1948 ஜனவரி 15-ல் ஃப்ளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் பிறந்தார். அப்பா லாரி ஓட்டுநர். உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த மேற்குப் பகுதிதான் வீடு. 1964-ல் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில் ரோனி அடித்த பந்து பாப் பர்ன்ஸ் என்ற பையன் மேல் பட்டது. அவர் டிரம்ஸ் வாசிப்பவர். கூடவே இருந்த கேரி ரோஸிங்டன் கிட்டார் பழகிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். ஆலன் காலின்ஸ் என்ற இன்னொரு கிட்டாரிஸ்டும் சேர, பேண்ட் உருவானது.

பெயர்? பசங்க படித்த பள்ளியில் லெனர்ட் ஸ்கின்னர் என்ற பி.டி. மாஸ்டர் இருந்தார். நீளமா முடி வளர்த்தால் விட மாட்டார். அவரைக் கிண்டலடிக்க, அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளில் உயிரெழுத்தையெல்லாம் 'ஒய்' ஆக்கி பேண்டுக்கு வைத்துவிட்டார்கள். பிற்பாடு மாஸ்டரும் சமாதானமாகி, ஜாக்சன்வில் கச்சேரி ஒன்றில் மேடையேறி இவர்களை அறிமுகம் செய்து வைத்தார்.

பெயர்தான் விளையாட்டு. ஒத்திகை அப்படி இல்லை. கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் பக்கம், ஒதுக்குப்புறத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. ஏசி கிடையாது. உள்ளே புழுக்கம் தாங்காமல் 'நரக வீடு' என்றே பெயர் வைத்தார்கள். காலையில் போனால் பல மணி நேரம் வாசிக்க வேண்டும். ராக் கச்சேரி என்றால் கிட்டாரிஸ்ட் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார் என்று நினைப்போம். இங்கே அதுக்கு இடமே இல்லை. சோலோகூட முன்பே கட்டி முடித்தது. இன்று என்ன ஸ்வரமோ, நாளைக்கும் அதே ஸ்வரம்.

ரோனி மட்டும் பாட்டு வரிகளை எழுதி வைக்க மாட்டார். கிட்டார் ஓட ஓட மனதுக்குள்ளேயே கட்டிக்கொள்வார். மறந்துபோகும் வரி வைத்திருக்கத் தகுதியில்லாத வரி என்பது அவர் கணக்கு.

1972-ல் அட்லாண்டா கிளப் ஒன்றில் இவர்களைக் கேட்ட ஆல் கூப்பர் தயாரிப்பாளராக வந்தார். 1973-ல் முதல் ஆல்பம். அதே ஆண்டு 'தி ஹூ' குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் முன்வரிசைக் குழுவாக வாசித்தார்கள். யாருக்கும் தெரியாத பசங்க, அடுத்தவர் ரசிகர்களைக் கைதட்ட வைத்தார்கள்.

1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில், ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்த காட்சி யூடியூபில் இருக்கிறது. லட்சத்துக்கும் மேல் கூட்டம். தொப்பியோடு வெறுங்காலில் நிற்கிறார் ரோனி. ஆட்டம் பாட்டமெல்லாம் இல்லை. சோலோ வந்ததும் மூன்று கிட்டாரிஸ்டுகளும் முன்னால் வந்துவிடுகிறார்கள். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.

கொடியும் கோபமும்

ரோனியைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக முடியாது. நீல் யங் தெற்கு மாநிலங்களின் இனவெறியைச் சாடி இரண்டு பாட்டுகள் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக 1974-ல் வந்தது 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. பில்போர்டு பட்டியலில் 8-வது இடம். எழுதிய மூவரில் ஒருவரும் அலபாமாக்காரர் இல்லை என்பது தனிக்கதை. இனப் பிரிவினையை ஆதரித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸைப் பாட்டு ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ரோனியோ நீல் யங் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு மேடையேறினார்.

ஆனால், மேடையின் பின்னால் தொங்கியது கான்ஃபெடரேட் கொடி. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் கொடி. மலிவுத் துப்பாக்கிக்கு எதிராகவும், ஒரு கறுப்பின ப்ளூஸ் கலைஞரைக் கொண்டாடியும் பாடிய அதே மனிதர் அந்தக் கொடிக்கு முன்னால் நின்று பாடினார். ரெக்கார்டு கம்பெனியின் விளம்பர யோசனை என்று சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்ற விடாதவர் கொடியை மாற்றச் சொல்லவில்லை. இதில் அவரைக் காப்பாற்ற எனக்கு மனசு வரல.

குடித்தால் ஆளே வேறு. கீபோர்டு வாசித்த பில்லி பவலின் பல்லையே உடைத்திருக்கிறார். 1976-ல் ரோஸிங்டன் போதையில் காரை மரத்தில் மோத, அதை வைத்து 'தட் ஸ்மெல்' எழுதினார். போதை ஆளை எடுத்துவிடும் என்று எச்சரிக்கும் பாட்டு அது. 30 வயதைத் தாண்ட மாட்டேன் என்று தன்னைப் பற்றியும் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பயணம்

அந்தப் பாட்டு இருந்த 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' ஆல்பம் 1977 அக்டோபர் 17-ல் வெளியானது. மூன்றாம் நாள், தெற்கு கரோலினாவின் கிரீன்வில்லில் இருந்து லூயிசியானாவின் பேட்டன் ரூஜுக்குக் கிளம்பினார்கள். வாடகைக்கு எடுத்த பழைய கான்வேர் 240 விமானம். அதே விமானத்தை ஏரோஸ்மித் குழுவின் ஆட்கள் முன்னதாகப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். முந்தைய பயணத்தில் வலது என்ஜினில் இருந்து தீ வந்ததைப் பலரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். கோரஸ் பாடிய கேசி கெய்ன்ஸ் பயந்துபோய், கருவிகளை ஏற்றிச் செல்லும் லாரியிலேயே வந்துவிடலாமா என்று யோசித்தார். நேரம் வந்தால் போய்த்தான் ஆகணும் என்கிற மாதிரி ரோனி பேசியதாக ரோஸிங்டன் பின்னாளில் சொன்னார். எல்லோரும் ஏறினார்கள்.

மிசிசிப்பியின் கில்ஸ்பர்க் அருகே எரிபொருள் தீர்ந்து விமானம் காட்டுக்குள் விழுந்தது. விமானிகள் எரிபொருள் இருப்பைச் சரியாகக் கவனிக்கவில்லை, வலது என்ஜின் கோளாறால் வழக்கத்தைவிட அதிகம் செலவானதும் ஒரு காரணம் என்றது விசாரணை அறிக்கை. 26 பேரில் 6 பேர் இறந்தார்கள். ரோனி, கேசி, அவருடைய தம்பியும் கிட்டாரிஸ்டுமான ஸ்டீவ், குழுவின் பயண உதவியாளர், இரண்டு விமானிகள். டிரம்மர் ஆர்ட்டிமஸ் பைல் விலா எலும்பு உடைந்த நிலையிலும் சேற்றுக்குள் நடந்துபோய் உதவி தேடினார்.

புது ஆல்பத்தின் அட்டையில் குழுவினரைச் சுற்றித் தீ எரிவது போன்ற படம் இருந்தது. ஸ்டீவின் மனைவி கேட்டுக்கொண்டதால் அதை எடுத்துவிட்டுக் கறுப்புப் பின்னணி வைத்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1987-ல், உயிர் பிழைத்தவர்கள் மீண்டும் ஒன்றுகூடினார்கள். ரோனியின் தம்பி ஜானி பாட வந்தார். அண்ணனின் எல்லாப் பாட்டையும் பாடியவர், 'ஃப்ரீ பேர்ட்' வந்தபோது மட்டும் பாட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். மேடை நடுவில் மைக் மட்டும் வெளிச்சத்தில் நின்றது. கிட்டார்கள் வாசித்தன, வரிகளைக் கூட்டம் பாடியது.