சென்டா பெரென்சன்

சென்டா பெரென்சன் அபோட் (மார்ச் 19, 1868 - பெப்ரவரி 16, 1954) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியை ஆவார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டன் நகரிலுள்ள சிமித் மகளிர் கல்லூரியில் பணியாற்றிய இவர், கூடைப்பந்தாட்டம் தோன்றிய சில மாதங்களுக்குள்ளேயே அதனைக் கல்லூரி மாணவியருக்கு அறிமுகப்படுத்தினார். மகளிருக்கெனத் தனி விதிகளை வகுத்து, அவை நூலாக வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியராகவும் பல்லாண்டுகள் விளங்கினார். மகளிர் கூடைப்பந்தாட்டத்தின் தாய் என்று இவர் அழைக்கப்படுகிறார். இத்தாலிய மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை ஆராய்ந்த புகழ்பெற்ற கலை வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெரென்சன் இவருடைய அண்ணன்.

இளமை

அன்றைய ரஷ்யப் பேரரசின் வில்னா மாகாணத்தில், இன்றைய லித்துவேனியாவில் உள்ள புத்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் சென்டா பிறந்தார். குடும்பத்தின் பெயர் அப்போது வல்வ்ரோஜென்ஸ்கி என்பதாகும். தந்தை முதலில் தனியாக அமெரிக்காவுக்குச் சென்றார். 1875 ஆம் ஆண்டில் மற்றவர்களும் பாஸ்டன் நகரை அடைந்தனர். அங்கே குடும்பப் பெயர் பெரென்சன் என மாற்றப்பட்டது. தந்தை வீட்டுச் சாமான்களைச் சுமந்து ஊர் ஊராக விற்றுக் குடும்பத்தைக் காத்தார். வருவாய் சொற்பமே. ஆயினும் பிள்ளைகளின் கல்வியில் குறை வைக்கவில்லை. மூத்த மகன் பெர்னார்ட் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று 1887 இல் பட்டம் பெற்றார்.

சென்டா சிறுவயதிலிருந்தே நோஞ்சானாக இருந்தார். விளையாட்டில் அவருக்கு நாட்டமில்லை. இசையும் இலக்கியமும் ஓவியமுமே அவரைக் கவர்ந்தன. உடல்நலக் குறைவால் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. பின்னர் இசைக் கல்லூரி ஒன்றில் பியானோ கற்கச் சேர்ந்தார். பயிற்சிக்காக நெடுநேரம் அமர்ந்திருக்க முதுகு இடந்தராமையால் அதனையும் கைவிட நேர்ந்தது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்களை ஓடவும் தாவவும் வைத்த ஒருவரின் தொடக்கம் இதுவென்பது வியப்பளிக்கக் கூடியது. ஆனால் அவருடைய எண்ணங்கள் பலவற்றுக்கு வேர் இந்த நோயுற்ற இளமையில்தான் இருக்கிறது.

உடலைத் தேற்றும் நோக்கத்துடனேயே 1890 இல் பாஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியில் சேர்ந்தார். மேரி ஹெமன்வே என்னும் செல்வந்தப் பெண்மணியின் பொருளுதவியால் அதற்கு முந்தைய ஆண்டு நிறுவப்பட்ட அப்பள்ளி, ஏமி மாரிஸ் ஹோமன்ஸ் என்பவரின் தலைமையில் இயங்கியது. சுவீடன் நாட்டில் லிங் என்பார் வகுத்த உடற்பயிற்சி முறை அங்கே கற்பிக்கப்பட்டது. அம்முறை கருவிகள் அதிகமின்றி, கட்டளைக்கேற்ப ஒழுங்காக உடலை இயக்குவதாகும். முதல் வாரங்களில் சில நிமிடங்கள் நிமிர்ந்து நிற்பதும் சென்டாவுக்குக் கடினமாக இருந்தது. பயிற்சி அவருக்குப் பிடிக்கவும் இல்லை. எனினும் விடாது தொடர்ந்தார். ஓராண்டுக்குள் முதுகுவலி தணிந்து உடல் வலுப்பெற்றது. தன்னைத் தேற்றிய கல்வியையே பிறருக்குக் கற்பிப்பது என்று அவர் முடிவு செய்தார்.

சிமித் கல்லூரியில்

1892 ஜனவரியில் சிமித் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியாக இருந்தது. தம் பயிற்சி முழுமையடையும் முன்பே சென்டா அப்பணியை ஏற்றார். அப்போது அவருக்கு அகவை 23.

சிமித் கல்லூரி 1875 இல் பதினான்கு மாணவியருடன் தொடங்கப்பட்டது. பெண்கள் உயர்கல்வி கற்றால் அவர்களின் உடல்நலம் கெடும் என்று மருத்துவர்களே கூறி வந்த காலம் அது. மாணவியர் சோர்ந்து விழுந்தால் பெண்கல்வியின் எதிர்ப்பாளருக்கு அதுவே சான்றாகிவிடும். ஆகவே மகளிர் கல்லூரிகள் உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கின. மாணவியருக்கோ அது சலிப்பூட்டும் கடமையாக இருந்தது. கட்டளைக்கேற்பக் கைகால்களை அசைக்கும் வகுப்பை எப்படித் தவிர்ப்பது என்பதே அவர்கள் கவலை. புதிய ஆசிரியைக்கு முன்னிருந்த சிக்கல் இதுதான்.

தீர்வு அண்மையிலேயே இருந்தது. நார்தாம்ப்டனுக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில் பீச் பழக்கூடைகள் இரண்டையும் ஒரு காற்பந்தையும் கொண்டு புதியதோர் ஆட்டத்தை உருவாக்கியிருந்தார். பனிக்காலத்தில் அரங்கினுள்ளே இளைஞர்களை ஈடுபடுத்துவதே அவர் நோக்கம். அவ்வாட்டத்தின் பதின்மூன்று விதிகள் அடுத்த மாதமே அச்சில் வந்தன. அதனைப் படித்த சென்டா நெய்ஸ்மித்தைச் சந்தித்து விளக்கம் கேட்டறிந்தார். பின்னர் தம் மாணவியரிடம் ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார்.

அமெரிக்காவில் இவ்வாட்டத்தை ஆடிய முதல் பெண்கள் சிமித் மாணவியர்தாம் என்று சில நூல்கள் கூறுவது சரியன்று. ஸ்பிரிங்ஃபீல்டில் பள்ளி ஆசிரியைகள் சிலர் நெய்ஸ்மித்திடமே கற்று ஆடியுள்ளனர். அவர்களுள் ஒருவரான மோட் ஷெர்மன் என்பவரை நெய்ஸ்மித் 1894 இல் மணந்தார். சென்டாவின் பங்கு வேறு வகையானது. ஒரு கல்லூரியின் உடற்கல்வித் திட்டத்தில் ஆட்டத்துக்கு நிலையான இடம் தேடித் தந்தவர் அவரே.

1893 ஆம் ஆண்டு ஆட்டம்

1893 மார்ச் மாதத்தில் சிமித் கல்லூரியின் முதலாமாண்டு மாணவியருக்கும் இரண்டாமாண்டு மாணவியருக்கும் இடையே ஓர் ஆட்டம் நடைபெற்றது. மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தின் முதல் ஆட்டமாக இதுவே கொள்ளப்படுகிறது. மாணவியர் முழங்கால் வரை தொளதொளவென்றிருக்கும் காற்சட்டை அணிந்து ஆடியதால் ஆடவர் எவரும் பார்க்க அனுமதிக்கப்படவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்தளத்தைச் சுற்றியிருந்த ஓடுபாதை முழுதும் மாணவியர் திரண்டனர். அந்தந்த வகுப்பின் வண்ணத் துணிகள் தொங்கவிடப்பட்டன. வகுப்புப் பாடல்கள் முழங்கின.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் பந்தை மேலே எறிந்தவர் சென்டா. எறிந்த கை, தாவி எழுந்த முதலாமாண்டு அணியின் நடு ஆட்டக்காரியின் கையில் பட்டு, அப்பெண்ணின் தோள் மூட்டு விலகிவிட்டது. மகளிருக்கு இவ்வாட்டம் ஆபத்தானது என்று கூறுவோருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திராது. அதுவும் முதல் நொடியில், ஆசிரியையின் கையாலேயே. அப்பெண்ணை அறைக்கு அழைத்துச் சென்று மூட்டைச் சரிசெய்தனர். வேறொரு மாணவி அவரிடத்துக்கு வந்தார், ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாமாண்டு மாணவியர் 5-4 என்ற கணக்கில் வென்றனர். கூடையில் விழும் ஒவ்வொரு பந்துக்கும் அக்காலத்தில் ஒரு புள்ளிதான்.

விதிகள்

நெய்ஸ்மித்தின் விதிகளை அப்படியே கொண்டு ஆடியபோது மாணவியர் பந்துக்காக ஒருவரையொருவர் பிடித்திழுப்பதையும் மோதி விழுவதையும் சென்டா கண்டார். கல்லூரி நிர்வாகமும் பெற்றோரும் இதனை நெடுநாள் பொறுக்க மாட்டார்கள் என்பதை உணர்ந்தார். எனவே அவர் சில மாற்றங்களைச் செய்தார்:

ஆடுகளம் கோடுகளால் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரியும் தமக்குரிய பகுதியை விட்டு வெளியேறக் கூடாது. எதிரணியினரின் கையிலுள்ள பந்தைப் பறிக்கவோ தட்டிவிடவோ கூடாது. பந்தை மூன்று வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டிச் செல்லவும் கூடாது.

இவற்றுள் களப் பிரிப்பே மிக முக்கியமானது. எதிரணியின் கூடைக்கு அருகே நிற்போர் மட்டுமே புள்ளி எடுக்க இயலும். தம் கூடைக்கு அருகே நிற்போர் காப்பதோடு சரி. நடுப்பகுதியினர் பந்தை வாங்கிக் கொடுப்பர். இதனால் ஓட்டம் குறைந்தது, சோர்வும் குறைந்தது. அத்துடன், திறமை மிக்க ஒருத்தியே பந்தைக் கொண்டு களம் முழுதும் ஓடி ஆட்டத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்வதும் தடுக்கப்பட்டது. பந்து ஒரு கூடையருகிலிருந்து மறு கூடையை அடையப் பல கைகள் மாற வேண்டும். இந்தக் கூட்டு முயற்சியையே சென்டா பெரிதும் மதித்தார்.

வேறிடங்களிலும் இதையொத்த முயற்சிகள் நடந்தன. நியூ ஓர்லியன்ஸ் நகரின் நியூகோம்ப் கல்லூரியில் கிளாரா பேர் என்பவர் 1895 இல் தனி விதிகளை வெளியிட்டார். நெய்ஸ்மித் அனுப்பிய வரைபடத்தில் இருந்த கோடுகளை எல்லைகள் என்று தவறாகப் புரிந்துகொண்டே அவர் களத்தைப் பிரித்தார் என்று கூறப்படுகிறது. மேற்குக் கரையில் 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பெண்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெண்களை 2-1 என்று வென்றனர். இது இரு கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் மகளிர் ஆட்டம். சென்டாவோ கல்லூரிகளுக்கிடையிலான போட்டியை விரும்பியவரல்லர். சிமித்தில் ஆட்டங்கள் வகுப்புகளுக்கிடையிலேயே நடந்தன.

கல்லூரிக்குக் கல்லூரி விதிகள் மாறுபட்டமையால் குழப்பம் மிகுந்தது. 1899 ஜூனில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்கல்வி மாநாட்டில் இதற்கெனக் குழுவொன்று அமைக்கப்பட்டது. சென்டாவும் அதில் இடம்பெற்றார். குழு இயற்றிய விதிகள் 1901 இல் ஸ்பால்டிங் விளையாட்டு நூல் வரிசையில், சென்டாவைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. 1905 முதல் 1917 வரை மகளிர் கூடைப்பந்தாட்டக் குழுவின் தலைவராகவும் அவர் இருந்தார்.

அந்நூலில் அவர் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. பெண்கள் பல தொழில்களில் நுழைந்து வருகின்றனர் என்றும், அவர்கள் அடிக்கடி நோயுறுவர் என்பதே சம ஊதியம் மறுக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று என்றும், ஆகவே உடல்வலிமை பெண்களுக்கு அலங்காரமன்று, தேவை என்றும் அதில் வாதிட்டார். அதே கட்டுரையில், கட்டுப்பாடில்லாத போட்டி மனப்பான்மை பெண்களின் பண்பைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கையும் உள்ளது. இவ்விரண்டும் ஒருவரிடமே இருந்தன என்பதை மறந்துவிட்டு அவரை முற்போக்காளர் என்றோ பழைமைவாதி என்றோ வகைப்படுத்துவது பொருந்தாது.

பிற பணிகள்

1897 இல் சென்டா சுவீடன் சென்று ஸ்டாக்ஹோம் நகரின் அரச உடற்பயிற்சி நிறுவனத்தில் பயின்றார். வாள்வீச்சு, நாட்டுப்புற நடனம் ஆகியவற்றைச் சிமித் கல்லூரியில் புகுத்தினார். இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீயின் துணையுடன் வளைதடிப் பந்தாட்டத்தையும் அங்கே தொடங்கினார்.

1911 இல் அக்கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் வான் அபோட்டை மணந்து, சிமித் கல்லூரியிலிருந்து விலகினார். பின்னர் 1921 வரை அதே நகரில் உள்ள மேரி பர்ன்ஹாம் பள்ளியில் உடற்கல்வித் துறைக்குத் தலைமை வகித்தார். கணவர் 1929 இல் காலமானார். அதன்பின் ஐரோப்பாவில் சில காலம் தங்கினார். இத்தாலியில் வாழ்ந்த அண்ணன் பெர்னார்டுடன் வாழ்நாள் முழுதும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில் தங்கையுடன் இறுதி ஆண்டுகளைக் கழித்த சென்டா, 1954 பெப்ரவரி 16 அன்று தமது 85 ஆவது அகவையில் காலமானார்.

விதிகளின் பிற்கால நிலை

சென்டாவின் விதிகள் அவர் எதிர்பார்த்ததைவிட நெடுங்காலம் நிலைத்தன. மூன்று பகுதிக் களம் 1938 இல் இரண்டு பகுதிகளாகச் சுருங்கி, அணிக்கு அறுவர் என்றானது. ஐவர் முழுக்களத்திலும் ஓடி ஆடும் முறை மகளிருக்கு 1971 இல்தான் அமெரிக்கா எங்கும் ஏற்கப்பட்டது. அயோவா மாநிலப் பள்ளிகளில் அறுவர் ஆட்டம் 1993 வரை இருந்தது.

இவ்விதிகள் பெண்களைத் தடுத்துவிட்டன என்ற குறைகூறல் உண்டு. அதில் உண்மையும் உண்டு. காவல் பகுதியில் நின்ற பெண் தன் விளையாட்டு வாழ்வு முழுதும் ஒரு முறைகூடக் கூடையை நோக்கிப் பந்தெறியாமலே போயிருக்கலாம். கல்லூரிகளுக்கிடையே போட்டி கூடாது என்ற கருத்தை, லூ ஹூவரின் தலைமையில் 1923 இல் அமைந்த மகளிர் பிரிவு போன்ற அமைப்புகள் இன்னும் கடுமையாக வற்புறுத்தின. இதனால் பெண்களுக்கான போட்டிகள் பல கல்லூரிகளில் அரை நூற்றாண்டுக் காலம் முடங்கிக் கிடந்தன. மறுபுறம், 1890களில் இம்மாற்றங்கள் இல்லாதிருந்தால் பல கல்லூரிகள் ஆட்டத்தையே தடை செய்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்டா தம் காலத்துக்கு ஏற்ற விலையைக் கொடுத்தார். அக்காலம் முடிந்த பின்னும் அவ்விலையைத் தொடர்ந்து கேட்டவர்கள் வேறு சிலர்.

இலங்கைப் பள்ளிகளில் பெண்கள் பரவலாக ஆடும் வலைப்பந்தாட்டம், மகளிர் கூடைப்பந்தாட்டம் 1890களில் இங்கிலாந்துக்குச் சென்று உருமாறியதாகும். மூன்று பகுதிக் களமும், பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அதில் இன்றும் உள்ளன.

சிறப்புகள்

ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித்தின் பெயரால் அமைந்த கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் 1985 ஆம் ஆண்டு வரை பெண்கள் எவரும் இடம்பெறவில்லை. அவ்வாண்டு மார்கரெட் வேட், பெர்த்தா டீக் ஆகிய பயிற்றுநர்களுடன் சென்டாவும் சேர்க்கப்பட்டார். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் 1999 இல் மகளிர் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் திறக்கப்பட்டபோது முதல் அணியிலேயே அவர் பெயர் இடம்பெற்றது. அவருடைய கடிதங்களும் ஒளிப்படங்களும் சிமித் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் உள்ளன.