அலெக்சந்திரியா அத்தநாசியார்

ஒரு சொல்லின் பொருட்டு ஒருவர் தம் ஊரையும் உற்றாரையும் ஐந்து முறை பிரிந்து செல்வரோ என்று நம்மிற் சிலர் வியக்கலாம். அங்ஙனம் சென்றவர் ஒருவர் உளர். எகிப்து தேசத்து அலெக்சந்திரியா மாநகரில் அத்தியட்சராயிருந்த அத்தநாசியாரே அவர். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்று ஆலயத்தில் எளிதாய்ச் சொல்லி வருகின்றோம். அவ்வறிக்கைக்குரிய சொற்கள் எத்துணைப் பாடுகளினிடையே உருவாயின என்பதை அறிதற்கு இப்பெரியாரது வாழ்க்கையே சிறந்த வழியாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 3-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்தவர். இளமையிலேயே அலெக்சந்திரியா அத்தியட்சராகிய அலெக்சாந்தர் என்பவரிடம் உதவிக்குருவாக அமர்ந்தார். அக்காலத்தில் அந்நகரத்துக் குருமாருள் ஒருவராகிய ஆரியு என்பவர் ஒரு புதுப் போதனையைப் பரப்பலானார். குமாரன் பிதாவினால் உண்டாக்கப்பட்டவர். சிருஷ்டிகளுள் முதன்மையானவரேயாயினும் சிருஷ்டியே. அவர் இல்லாதிருந்த நிலையும் உண்டு என்பது அப்போதனையின் சாரம். ஆரியு தம் கொள்கையைப் பாட்டுக்களாகவும் அமைத்தமையால், மாலுமிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் அதனைப் பாடித் திரிந்தனர் என்பர்.

கலகம் முற்றவே, கொன்ஸ்தாந்தீன் சக்கரவர்த்தி 325-ஆம் வருடம் நிசேயா நகரில் ஒரு பொதுச்சங்கம் கூட்டினார். அத்தியட்சர்கள் ஏறக்குறைய 300 பேர் வந்திருந்தனர். அத்தநாசியாரும் தம் தலைவருடன் சென்றார். குமாரன் பிதாவோடு ஒரே சாரமுடையவர் எனப் பொருள்படும் ‘ஓமோஊசியோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லைச் சங்கத்தார் விசுவாசப் பிரமாணத்திற் சேர்த்தனர். அதனை ஏற்காத லீபியா தேசத்து அத்தியட்சர் இருவரும் ஆரியுவும் நாடுகடத்தப்பட்டனர்.

ஆயினும் வழக்கு அத்துடன் முடிந்ததன்று. அச்சொல் வேதாகமத்தில் இல்லையே என்று பலர் மனம் கலங்கினர். வேறு சிலர், ஒத்த சாரமுடையவர் என்று கூறுதலே போதும் என்றனர். கிரேக்க மொழியில் இவ்விரு சொற்களுக்கும் வேறுபாடு ஒரேயோர் எழுத்துத்தான். எழுத்து ஒன்றாயினும் பொருள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் என்பதை அத்தநாசியார் நன்கு கண்டார். சிருஷ்டியாயுள்ள ஒருவர் சிருஷ்டிகளை இரட்சித்துத் தேவனோடு ஒன்றாக்குதல் கூடாது. நம்மை மீட்பவர் தேவனேயாயிருத்தல் வேண்டும். குமாரன் சிருஷ்டியாயின் நம் மீட்பும் பொய்யாம். இதுவே அவரது வாதத்தின் உயிர்நிலை. சொல் வேதத்தில் இல்லாவிடினும், அதன் கருத்து வேதத்தில் உண்டு என்றும் விளக்கினார்.

328-ஆம் வருடம் அவர் அத்தியட்சரானார். பகைவர் சும்மா இருந்தாரல்லர். அர்சேனியு என்னும் அத்தியட்சரைக் கொன்று, அவர் கையை மந்திர வித்தைக்காக வைத்திருக்கின்றார் என்று ஓர் உலர்ந்த கையைக் காட்டிக் குற்றஞ் சாட்டினர். 335-ஆம் வருடம் தீரு பட்டணத்துச் சங்கத்தில் அத்தநாசியார் அர்சேனியுவையே உயிரோடு கொண்டுவந்து நிறுத்தி, போர்வையை விலக்கி, ஒரு கையையும் பின்பு மறுகையையும் காட்டினார் என்று பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கின்றனர். அவ்வாறிருந்தும் அவர் தண்டனைக்குத் தப்பவில்லை. தலைநகருக்குச் செல்லும் தானியக் கப்பல்களைத் தடுப்பதாகப் பயமுறுத்தினார் என்ற வேறொரு குற்றத்தின்பேரில் சக்கரவர்த்தி அவரைத் தூரத்து திரியர் நகருக்கு அனுப்பினார்.

அதன்பின் சக்கரவர்த்திகள் மாறினர். அவர் நிலையும் மாறி மாறி வந்தது. 339 முதல் 346 வரை மேற்றிசையில், ரோமாபுரி முதலிய இடங்களில் தங்கினார். 356-ஆம் வருடம் பெப்ருவரி மாதத்து ஓரிரவில், அவர் ஆராதனை நடத்திக்கொண்டிருந்த ஆலயத்தைப் போர்ச்சேவகர் சூழ்ந்து புகுந்தனர். அவரோ தப்பி வனாந்தரத் துறவிகளிடம் ஆறு வருடம் மறைந்திருந்து பல நூல்களை எழுதினார். பரிசுத்த ஆவியானவரும் சிருஷ்டியல்லர் என்று செராப்பியோன் என்பாருக்கு நிருபங்கள் வரைந்ததும் அக்காலத்திலேதான். இவ்வாறு நான்கு சக்கரவர்த்திகள் காலத்தில் ஐந்து முறை ஊரை விட்டகன்று ஏறக்குறைய 17 வருடம் கழித்தார்.

இத்துணை உறுதியுள்ளவர் பிடிவாதக்காரராகவே இருந்திருப்பார் என்று நாம் எண்ணலாகும். 362-ஆம் வருடம் அலெக்சந்திரியாவிற் கூடிய சங்கம் அவ்வெண்ணத்தை மாற்றுகின்றது. ‘ஈபொஸ்தாசிஸ்’ என்னும் சொல்லைச் சிலர் சாரம் என்ற பொருளிற் கொண்டு தேவனில் ஒன்றே என்றனர். வேறு சிலர் ஆள் என்ற பொருளிற் கொண்டு மூன்று என்றனர். ஒருவரையொருவர் பதிதர் என்று இகழ்ந்த அவ்விரு திறத்தாரையும் அத்தநாசியார் அமைதியாய் வினவினார். முன்னவர் மூவரை மறுப்பவரல்லர் என்பதும், பின்னவர் மூன்று தெய்வங்களைக் கூறுபவரல்லர் என்பதும் அப்போது வெளியாயின. சொல் வேறாயினும் விசுவாசம் ஒன்றே எனக் கண்டு இரு திறத்தாரையும் ஏற்றுக்கொண்டார். ஒரு சொல்லுக்காக யாவற்றையும் இழந்தவரே, பொருள் ஒன்றாயின் சொல்லுக்காகச் சண்டையிடலாகாது என்று காட்டினார்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லத் துணியோம். அவரைச் சேர்ந்தோர் எதிர்க்கட்சியாரை அடித்துத் துன்புறுத்தினர் என்று முறையிடும் பழைய பாப்பிரஸ் கடிதம் ஒன்று 1924-ஆம் வருடம் அச்சேறி வெளிவந்தது. அத்தநாசியாரின் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணமும் அவர் இயற்றியதன்று. அவருக்குப் பிற்காலத்தில் இலத்தீன் மொழியில் எழுந்ததாம்.

373-ஆம் வருடம் மே மாதம் 2-ஆம் தேதி, தம் சொந்த நகரில், அவர் உயிர் நீத்தார். எட்டு வருடத்திற்குப்பின் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் நிசேயா விசுவாசத்தை நிலைநிறுத்தியது. சாரம் ஒன்று, ஆள்கள் மூவர் என்னும் வரையறையைப் பசிலியாரும் கிரெகோரியார் இருவரும் தெளிவுபடுத்தினர். அவ்வெற்றியை அத்தநாசியார் கண்டிலர்.

கல்லூரியிற் பயிலும் நமக்குச் சொற்களே கருவிகள். எச்சொல்லை விடாது பற்றவேண்டும், எச்சொல்லைப் பிறர்க்கு விட்டுக்கொடுக்கலாம் என்று பகுத்தறிதல் அரிது. அவ்வறிவை அத்தநாசியாரிடம் நாம் கற்போமாக.